யார் கொடுத்தது என்று கேட்காத சட்டம்

கோவில் திருவிழாவுக்குப் பத்து ரிங்கிட் கொடுத்தாலும் ரசீது கிடைக்கிறது. உபயக்காரர் பெயர் அறிவிப்புப் பலகையில் ஏறுகிறது. சில கோவில்களில் மின்விளக்கு வாங்கிக் கொடுத்தவரின் பெயர் அந்த விளக்கின் வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். பல்கலைக்கழகத்தில் பொங்கல் விழா நடத்த நன்கொடை திரட்டப் போனால், "யார் கொடுக்கிறார்கள், எவ்வளவு?" என்பதுதான் எங்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி. பிடிபிடிஎன் கடனுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் பெற்றோரின் வருமானத்தைத் தெரிவிக்க வேண்டும்.

நாட்டை ஆளப் போகும் கட்சிகளிடம் இதே கேள்வியைக் கேட்கும் சட்டம் மட்டும் நம்மிடம் இல்லை. கட்சிக்கு யார் பணம் கொடுத்தார், எந்த நாட்டிலிருந்து கொடுத்தார், ஏன் கொடுத்தார் என்று மக்களுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் மலேசியாவில் எந்தக் கட்சிக்கும் கிடையாது. வெளிநாட்டவர் நம் கட்சிகளுக்குப் பணம் தருவதைத் தடுக்கும் தனிச் சட்டமும் இல்லை.

ஜொகூர் மாணவர்களாகிய நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. 18 வயது வாக்குரிமை 2021 டிசம்பர் 15ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அந்த உரிமையோடு நடந்த முதல் தேர்தல், 2022 மார்ச் 12ஆம் தேதி நடைபெற்ற ஜொகூர் சட்டமன்றத் தேர்தல்தான். நாட்டிலேயே முதன்முதலில் 18 வயதில் வாக்களித்தவர்கள் நம் மாநிலத்து இளைஞர்கள். வாக்கு நம் கையில் இருக்கிறது. அந்த வாக்கைக் கேட்டு வருபவருக்குப் பின்னால் யாருடைய பணம் இருக்கிறது என்பது மட்டும் நமக்குத் தெரியாது.

ஓர் 'அரபு நன்கொடை'யின் கதை

இன்று இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பலருக்கு இது சிறு வயதில் காதில் விழுந்த செய்தியாக மட்டுமே இருக்கலாம். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

2015 ஜூலையில், அப்போதைய பிரதமர் நஜிப் ரசாக்கின் சொந்த வங்கிக் கணக்குகளுக்கு ஏறக்குறைய 70 கோடி அமெரிக்க டாலர் வந்ததாக 'வால் ஸ்திரீட் ஜர்னல்' நாளேடும் 'சரவாக் ரிப்போர்ட்' இணையத்தளமும் செய்தி வெளியிட்டன. அதில் பெரும்பகுதி 2013 மார்ச் மாதத்தில் வந்தது. 13ஆவது பொதுத் தேர்தல் நடந்தது அதே ஆண்டு மே 5ஆம் தேதி. 2015ஆம் ஆண்டின் நாணய மதிப்பில் அந்தத் தொகைதான் '260 கோடி ரிங்கிட்' என்று நாடு முழுதும் பேசப்பட்டது.

ஆகஸ்டு மாதம் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம், அந்தப் பணம் நன்கொடையாளர்களிடமிருந்து வந்தது என்றும் 1எம்டிபி நிறுவனத்திலிருந்து வந்ததல்ல என்றும் அறிவித்தது. 2016 ஜனவரி 26ஆம் தேதி, அப்போதைய சட்டத்துறைத் தலைவர் முகமட் அபாண்டி அலி, 68.1 கோடி டாலர் சவூதி அரச குடும்பம் தந்த தனிப்பட்ட நன்கொடை என்றும், அதில் 62 கோடி டாலர் 2013 ஆகஸ்டில் திருப்பி அனுப்பப்பட்டது என்றும், குற்றம் எதுவும் நடக்கவில்லை என்றும் கூறிக் கோப்பை மூடினார். அந்த ஏப்ரலில் சவூதி வெளியுறவு அமைச்சரும் அது உண்மையான நன்கொடைதான் என்று சொன்னார்.

அதே 2016 ஜூலையில் அமெரிக்க நீதித்துறை வேறொரு கணக்கை வெளியிட்டது. அந்த 68.1 கோடி டாலர், 1எம்டிபி 2013இல் கடன் பத்திரம் விற்றுத் திரட்டிய பணத்திலிருந்து திசை திருப்பப்பட்டது என்று அது நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணம் கூறியது. பாலைவனத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட பணம், நாம் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய கடன் பணம் என்பதே அதன் பொருள்.

2020 ஜூலை 28ஆம் தேதி எஸ்ஆர்சி வழக்கில் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம் அரபு நன்கொடை வாதத்தை ஏற்கவில்லை. அந்தத் தண்டனையைக் கூட்டரசு நீதிமன்றம் 2022 ஆகஸ்டு 23ஆம் தேதி உறுதி செய்தது. நஜிப் சிறைக்குச் சென்றார். 2025 டிசம்பரில் 1எம்டிபி வழக்கிலும் உயர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்து, நன்கொடைக் கதையை நிராகரித்தது. அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை அவருக்கு இருக்கிறது.

பொய்க்கு இடம் கொடுத்தது எது?

இந்தக் கதையைப் பலர் ஒரு தனி மனிதரின் பேராசைக் கதையாகப் படிக்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது.

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, "வெளிநாட்டு அரச குடும்பம் கொடுத்தது" என்று ஒரு பிரதமர் தரப்பால் எப்படிப் பதில் சொல்ல முடிந்தது? பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ ஒரு கட்சித் தலைவர், தேர்தலுக்கு இரண்டு மாதங்களுக்கு முன் வேறு நாட்டு அரச குடும்பத்திடம் பணம் வாங்கினேன் என்று சொன்னால், அது தற்காப்பு வாதம் ஆகாது. குற்ற ஒப்புதல் வாக்குமூலம் ஆகும். அங்கே வெளிநாட்டு நன்கொடைக்குச் சட்டத் தடை இருக்கிறது. இங்கே தடை இல்லாததால், திருட்டுப் பழியிலிருந்து தப்பிக்க 'வெளிநாட்டு நன்கொடை' என்ற சொல்லே கேடயமாகப் பயன்பட்டது.

நமக்குச் சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1954ஆம் ஆண்டு தேர்தல் குற்றங்கள் சட்டம் இருக்கிறது. அதன்படி நாடாளுமன்ற வேட்பாளர் ஒருவர் 2 லட்சம் ரிங்கிட்டும் சட்டமன்ற வேட்பாளர் 1 லட்சம் ரிங்கிட்டும்தான் செலவிடலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2013இல் 222 நாடாளுமன்றத் தொகுதிகளுக்கும் 505 சட்டமன்றத் தொகுதிகளுக்கும் தேர்தல் நடந்தது. ஒரு கூட்டணி அத்தனை தொகுதிகளிலும் போட்டியிட்டு, வேட்பாளர் ஒவ்வொருவரும் உச்ச வரம்பு வரை செலவு செய்தாலும் மொத்தம் 9 கோடியே 49 லட்சம் ரிங்கிட்தான் ஆகும். திருப்பி அனுப்பப்பட்டதாகச் சொல்லப்பட்ட தொகையைக் கழித்தால் மிஞ்சும் 6.1 கோடி டாலர் மட்டுமே, அன்றைய மதிப்பில் அதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு.

அப்படியானால் சட்டம் ஏன் பாயவில்லை? அந்த வரம்பு வேட்பாளருக்கு மட்டும்தான், கட்சிக்கு இல்லை. கட்சிகள் 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றவை. ஒரு பூப்பந்துக் கழகத்தைப் போல, ஒரு கோவில் நிர்வாகத்தைப் போல, ஆண்டுக் கணக்கைச் சங்கங்களின் பதிவிலாகாவிடம் ஒப்படைத்தால் போதும். நன்கொடையாளர் பட்டியலை வெளியிட வேண்டியதில்லை. கட்சிக்காக வந்த பணம் தலைவரின் சொந்தக் கணக்கில் கிடந்தால், அந்தக் கணக்கிலும் அது வராது.

காலம் கடந்து கேட்டால் பதில் கிடைப்பதும் கடினம். 1எம்டிபி தொடர்பான பணம் என்று கூறி 41 தனிநபர்கள், அமைப்புகளிடமிருந்து சுமார் 27 கோடி ரிங்கிட்டைப் பறிமுதல் செய்ய ஊழல் தடுப்பு ஆணையம் 2019இல் நீதிமன்றம் சென்றது. அதில் பெரும்பங்கு அம்னோ தொடர்பான தொகை. 2021இல் உயர் நீதிமன்றம் அம்னோவுக்கு எதிரான அந்த விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. பணம் வரும்போதே பெயரும் ஊரும் எழுதி வைக்கும் முறை இருந்திருந்தால், ஆறு ஆண்டுகள் கழித்து அதன் பூர்வீகத்தைத் தேடி அலைய வேண்டி இருந்திருக்காது.

கேடயமாகவும் வாளாகவும்

சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில் ஒரே சொல் ஒருவருக்குக் கேடயமாகவும் இன்னொருவருக்கு எதிரான வாளாகவும் மாறும். 2016 ஜனவரியில் பிரதமருக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தில் குற்றமில்லை என்றார்கள். அதே ஆண்டு நவம்பரில், தூய்மையான தேர்தல் கோரிய பெர்சே இயக்கம் வெளிநாட்டு அமைப்புகளிடம் நிதி பெற்றதாகக் கூறி விசாரிக்கப்பட்டது. பெர்சே 5 பேரணிக்கு முந்தைய நாள் அதன் தலைவர் மரியா சின் அப்துல்லா சொஸ்மா சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டு, சுமார் பத்து நாள்கள் தடுத்து வைக்கப்பட்டார்.

பெர்சே கடந்த காலத்தில் தன் திட்டங்கள் சிலவற்றுக்கு வெளிநாட்டு அமைப்புகளின் நிதியைப் பெற்றதை மறைக்கவில்லை. அது சரியா என்று விவாதிக்கலாம். நான் கேட்பது வேறு: அளவுகோல் எங்கே? பிரதமருக்கு ஓர் அளவு, பேரணி நடத்துபவருக்கு வேறோர் அளவு என்றால், அங்கே சட்டம் பேசவில்லை, பதவி பேசுகிறது.

இது ஒரே கட்சியின் நோய் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். 1எம்டிபி பற்றி வெளிப்படையாகக் கேள்வி எழுப்பிய துணைப் பிரதமர், நம் பாகோ தொகுதியின் முகிதீன் யாசின், 2015 ஜூலை 28ஆம் தேதி பதவி நீக்கப்பட்டார். பின்னர் பிரதமராகவும் இருந்த அவர் மீதே, தம் பெர்சத்து கட்சிக்காக 23 கோடியே 25 லட்சம் ரிங்கிட் பெறப் பதவியைப் பயன்படுத்தினார் என்று 2023 மார்ச்சில் குற்றம் சாட்டப்பட்டது. அவர் அதை மறுத்து விசாரணை கோரினார். அந்த வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். கட்சிப் பணத்துக்கு விதி இல்லாத நாட்டில், ஆட்சி மாறும்போதெல்லாம் இத்தகைய வழக்குகளும் மாறி மாறி வரும் என்பதை நாம் இப்போதே சொல்லலாம்.

நம் பணமும் அங்கே அந்நியப் பணம்

மலேசியர்கள் எப்போதும் பாதிக்கப்பட்ட தரப்பு மட்டுமே என்று நினைத்தால் அதுவும் தவறு. 1எம்டிபி விவகாரத்தின் மையப்புள்ளியாகத் தேடப்படும் ஜோ லோவின் பணம், 2012ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமாவின் பிரசாரத்துக்குள் நுழைந்தது. 'ஃபியூஜீஸ்' இசைக்குழுவின் பிராஸ் மிஷேல் அந்தப் பணத்தை வேறு பலரின் பெயர்களில் நன்கொடையாகப் பிரித்துக் கொடுத்தார் என்று வழக்கு நடந்தது. 2023 ஏப்ரலில் அமெரிக்க நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்று அறிவித்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருபுறமும் 1எம்டிபி விவகாரத்தின் நிழல்தான். அங்கே பணம் தந்தவரின் உண்மையான பெயரை மறைத்ததே குற்றம். அதற்கு ஒரு புகழ் பெற்ற பாடகர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். இங்கே தந்தவரின் பெயரைச் சொல்லாமலேயே கோப்பை மூட முடிந்தது.

அண்டை வீட்டில் ஒரு பாடம், தாய்த்தமிழகத்தில் ஓர் எச்சரிக்கை

பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்கே 2000ஆம் ஆண்டிலேயே அரசியல் நன்கொடைச் சட்டம் வந்துவிட்டது. இப்போது அதன் விதிகள் 2021ஆம் ஆண்டு வெளிநாட்டுத் தலையீட்டுத் தடுப்புச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டுள்ளன. 21 வயது நிரம்பிய சிங்கப்பூர்க் குடிமக்களும், சிங்கப்பூரரின் கட்டுப்பாட்டில் இயங்கும் நிறுவனங்களும் மட்டுமே அங்கே கட்சிக்குப் பணம் தரலாம். பெயர் சொல்லாமல் வரும் நன்கொடையை ஒரு கட்சி ஆண்டுக்கு 5,000 சிங்கப்பூர் வெள்ளிக்குக் கீழேதான் வைத்துக்கொள்ள முடியும். சிங்கப்பூர் அரசியலில் நமக்குப் பிடிக்காதவை இருக்கலாம். இந்தக் கோடு மட்டும் தெளிவாக இருக்கிறது.

சட்டம் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இந்தியாவைப் பாருங்கள். அங்கே கட்சிகள் வெளிநாட்டுப் பணம் பெறுவதை 1976லேயே தடை செய்தார்கள். ஆயினும் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வேதாந்தா குழுமத்தின் இந்தியத் துணை நிறுவனங்களிடம் காங்கிரசும் பாரதிய ஜனதாவும் நன்கொடை பெற்றன. தூத்துக்குடி மக்கள் நன்கறிந்த ஸ்டெர்லைட் அவற்றில் ஒன்று. இது சட்ட மீறல் என்று டில்லி உயர் நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2016இல் 'வெளிநாட்டு மூலம்' என்பதன் இலக்கணத்தையே 2010 முதல் செல்லும்படி மாற்றினார்கள். அது போதவில்லை என்று 2018இல் அந்த மாற்றத்தை 1976 வரை பின்னுக்கு இழுத்தார்கள். நாடாளுமன்றத்தில் எதிரெதிரே உட்கார்ந்து சண்டையிடும் இரண்டு கட்சிகளையும் அந்த ஒரே திருத்தம் காப்பாற்றியது. வேலியே பயிரை மேய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

காலாங்கில் உழைப்பவரின் ஐம்பது வெள்ளி

ஜொகூரில் வாழும் நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. தினமும் அதிகாலையில் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்யும் லட்சக்கணக்கான மலேசியர்களில் நம் அப்பா, அண்ணன், அக்கா பலர் இருக்கிறார்கள். காலாங்கிலோ ஜூரோங்கிலோ சம்பாதித்த 50 சிங்கப்பூர் வெள்ளியை ஒருவர் தம் தொகுதி வேட்பாளருக்குத் தந்தால் அது வெளிநாட்டுப் பணமா?

இல்லை என்பதே என் கருத்து. நோட்டின் நிறம் முக்கியமல்ல. கொடுப்பவர் இந்த நாட்டின் வாக்காளரா என்பதே முக்கியம். 2018 மே 9ஆம் தேதி, ஒரு புதன்கிழமை, 14ஆவது பொதுத் தேர்தலில் வாக்களிக்க வெளிநாடுகளிலிருந்து மலேசியர்கள் திரும்பி வந்தார்கள்; முன்பின் தெரியாதவர்களின் பயணச் செலவுக்கு மற்ற மலேசியர்கள் பணம் கொடுத்தார்கள். கடல் கடந்து கொடுக்கும் பழக்கம் நம் தாத்தா பாட்டி காலத்திலும் இருந்தது. 1943இல் மலாயாத் தோட்டத் தொழிலாளர்கள் இந்திய தேசிய இராணுவத்துக்குப் பணமும் நகையும் கழற்றிக் கொடுத்தார்கள். கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார் என்பது ஊருக்கே தெரியும்.

ஆகவே புதிய சட்டம் எழுதுபவர்கள், வெளிநாட்டு வங்கியிலிருந்து வரும் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டிவிடக் கூடாது. குடியுரிமை ஒரு கோடு. நிறுவனம் என்றால் அதன் உண்மையான உரிமையாளர் யார் என்பது இன்னொரு கோடு. இந்த இரண்டும் தெளிவாக இருந்தால் காலாங் தொழிலாளி பயப்பட வேண்டியதில்லை. அரச குடும்பக் கதை சொல்பவர்தான் பயப்பட வேண்டும்.

எதிர்வாதத்தையும் கேட்போம்

"பெயரை வெளியிட்டால் எதிர்க்கட்சிக்குக் கொடுப்பவர்கள் பழிவாங்கப்படுவார்கள். அவர்களுக்கு அரசாங்கக் குத்தகையே கிடைக்காது" என்று சிலர் சொல்கிறார்கள். இது வெறும் சாக்கு அல்ல. நம் நாட்டு அனுபவத்தில் இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினருக்குத் தொகுதி ஒதுக்கீடே மறுக்கப்பட்ட காலங்களை நாம் அறிவோம்.

இதற்கும் வழி உண்டு. சிறு தொகைகளுக்குப் பெயர் வெளியிட வேண்டாம்; பெரிய தொகைகளுக்கு மட்டும் கட்டாயமாக்கலாம். அந்தக் கணக்கைப் பிரதமர் துறைக்குக் கீழே இல்லாத ஒரு சுதந்திரமான அமைப்பு பார்க்கட்டும். பெற்ற வாக்குகளின் அடிப்படையில் கட்சிகளுக்கு அரசே ஓரளவு நிதி வழங்கலாம். "என் வரிப் பணத்தைக் கட்சிக்குக் கொடுப்பதா?" என்று அப்பா கோபப்படலாம். 1எம்டிபி கடனையும் வட்டியையும் நம் வரிப் பணத்தில்தானே கட்டினோம் என்று அவருக்கு நினைவூட்ட வேண்டும்.

இவை நான் புதிதாகக் கண்டுபிடித்த யோசனைகள் அல்ல. நன்கொடை விவகாரம் வெடித்த 2015இல் நஜிப் அரசாங்கமே பால் லோ தலைமையில் ஒரு தேசிய ஆலோசனைக் குழுவை அமைத்தது. அக்குழு 2016 செப்டம்பரில் 32 பரிந்துரைகளைத் தந்தது. வெளிநாட்டு நன்கொடைக்குத் தடை என்பதும் அவற்றுள் ஒன்று. 2019ஆம் ஆண்டு தேசிய ஊழல் தடுப்புத் திட்டமும் அரசியல் நிதிச் சட்டம் வேண்டும் என்றது. ஆட்சிகள் மாறின, பிரதமர்கள் மாறினார்கள், சட்டத்தைப் பற்றிய வாக்குறுதிகள் தொடர்ந்தன. 2025 முடிந்தபோதும் அந்தச் சட்டம் நம் கையில் இல்லை. சட்டச் சீர்திருத்தத்துக்குப் பொறுப்பான அமைச்சர் அசாலினா ஒத்மான் சைட் நம் ஜொகூரின் பெங்கெராங் தொகுதி உறுப்பினர் என்பதை இங்கே குறிப்பிடுவது பொருத்தம்.

நாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

மாணவர்களால் சட்டம் இயற்ற முடியாது. ஆனால் 18 வயது வாக்குரிமை என்பதும் ஒரு காலத்தில் மாணவர்களும் இளைஞர்களும் விடாமல் கேட்ட கேள்வியாகத்தான் இருந்தது. ஜொகூரில் அடுத்து எந்தத் தேர்தல் வந்தாலும், வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம், அவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், மூன்று கேள்விகளைக் கேட்போம். உங்கள் பிரசாரத்துக்குப் பணம் தந்த பெரிய நன்கொடையாளர்கள் யார்? வெளிநாட்டுப் பணத்தைத் தடை செய்யும் சட்டத்துக்கு நீங்கள் ஆதரவாக வாக்களிப்பீர்களா? அந்தச் சட்டம் வரும் வரை உங்கள் கணக்கை நீங்களாகவே வெளியிடுவீர்களா?

பதில் சொல்பவரும் இருப்பார், சிரித்துக்கொண்டே கைகுலுக்கிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்பவரும் இருப்பார். யார் எப்படி நடந்துகொண்டார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாக்குச் சாவடிக்குப் போவோம்.